நித்திரை வருதா மனே?

எங்கள் பாடசாலையின் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில், ஜன்னலுக்குக் கீழே ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. 2005ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஓர் இடைவேளையில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, அங்கே குவிந்து கிடந்த சோதனைக்குழாய்களைக் கழுவச் சொன்னார். தானும் பக்கத்தில் நின்று கழுவினார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இரவில நித்திரை வருதா மனே?"

என்ன பிரச்சினை என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். ஏன் படிக்கவில்லை என்று கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அந்த இரண்டு கேள்விகளும் எனக்குப் பழகிப்போயிருந்தன. நித்திரையைப் பற்றி அதுவரை யாரும் கேட்கவில்லை. "மூண்டு மணிக்கு முழிப்பு வந்தா மறுகா வாறதில்ல ரீச்சர்" என்றேன். சொல்லி முடிக்க முன்னமே அழுகை வந்துவிட்டது. அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் என் அழுகை வெளியே நின்ற பொடியன்களுக்குக் கேட்கவில்லை. அதற்காகத்தான் அவர் மூடாமல் விட்டார் என்பது வெகுகாலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஆண்டைப் பற்றி எங்கள் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் மட்டக்களப்பாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, பூரணை நாள், ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கடலோரம் முழுக்கச் சுனாமியில் ஒரு காலைப் பொழுதில் அழிந்து போனது. எங்கள் வகுப்பில் தாயைப் பறிகொடுத்தவன் இருந்தான். தம்பி தங்கச்சி மூன்று பேரையும் இழந்தவன் இருந்தான். நானோ வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். கடல் எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் கூடப் படவில்லை.

எனக்கு வருத்தம் தொடங்கியது மாசி மாதமளவில். முதலில் வந்தது கவலை இல்லை, எரிச்சல். தங்கச்சி புத்தகத்தைத் தொட்டால் கத்துவேன். பிறகு சாப்பாடு பிடிக்காமல் போனது. கிரிக்கெட் பார்க்க மனமில்லை. ஒரு பக்கத்தை நாலு தரம் வாசித்தாலும் ஒரு வரி மனதில் நிற்காது. அப்போது மண்முனையில் பாலம் கிடையாது, அது 2014இல்தான் வந்தது. தினமும் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, இக்கரையில் பஸ் பிடித்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். பாதையின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவேன். அந்தப் பார்வையில் நல்ல எண்ணம் இருக்கவில்லை. இதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

பாடசாலையில் நான் பிந்தி வருபவன், வீட்டுவேலை செய்யாதவன், அவ்வளவுதான். ஓர் ஆசிரியர் என்னை எழுப்பி நிற்கவைத்து, "எல்லாத்தையும் கடல்ல விட்ட பிள்ளைகளே வந்து படிக்குதுகள், உனக்கு என்னடா குறை?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதே கேள்வியைத்தான் நானும் இரவு மூன்று மணிக்கு என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். துக்கப்பட உரிமையுள்ளவர்கள் நிறைந்த ஊரில், காரணமே இல்லாமல் உடைந்துபோனவன் எங்கே போய் நிற்பது?

அதைத்தான் தொட்டியடியில் ரீச்சரிடம் சொன்னேன். "எங்கட வீட்டில ஒண்டும் நடக்கல்ல ரீச்சர். அதுதான் வெக்கமாயிருக்கு."

அவருடைய அண்ணன் குடும்பம் நாவலடியில் இருந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் சொன்னார்: "காய்ச்சல்காரனிட்ட, பக்கத்து வீட்டான் நல்லாத்தானே இருக்கான், உனக்கேன் காய்ச்சல் எண்டு ஆராவது கேப்பாங்களா? வந்தா மருந்து எடுக்கிறதுதானே."

பிறகு நேராகக் கேட்டார், செத்துப்போக வேணும் போல இருக்கிறதா என்று. நான் ஓம் என்றேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் விதைத்துவிடுவோம் என்று பயந்து பல ஆசிரியர்கள் வாயைத் திறப்பதில்லை. அப்படி விதைபடுவதில்லை என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கேள்விதான் மூன்று மாதமாக என் நெஞ்சிலிருந்த கல்லை முதன்முதலில் இறக்கி வைத்தது.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அதற்கு அவர் சத்தியம் பண்ணவில்லை. "உயிர் விசயத்தை எனக்குள்ள வச்சிருக்க ஏலாது மனே. ஆனா ஆருக்குச் சொல்றது, என்ன சொல்றது எண்டு உன்னைக் கேட்டுத்தான் செய்வன்" என்றார். சொன்னபடியே செய்தார். அதிபருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் என்னைத் தனியே அனுப்பவில்லை. பாதை ஏறி என்னோடு எங்கள் வீடு வரை வந்தார்.

அம்மா ஏற்கனவே மந்திரிக்கிற கட்டாடியாரிடம் நூல் கட்டுவித்து, கண்ணகி அம்மன் சடங்குக்கு நேர்த்தியும் வைத்திருந்தார். கண்ணூறு என்பது அவருடைய முடிவு. இரசாயனவியல் படிப்பித்த ரீச்சர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அம்மனுக்கு வச்ச நேர்த்தியைச் செய்யுங்க அக்கா, ஆஸ்பத்திரிக்கும் வாங்க. ரெண்டும் ஒண்டை ஒண்டு தடுக்காது" என்றார். அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டார். மனநலக் கிளினிக் என்றால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி என்று நினைக்கிற காலம் அது. இன்றைக்கும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். இரண்டு கிழமைக்கு மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் மனம் தாழ்ந்து கிடந்தால், பிடித்தவை எல்லாம் பிடிக்காமல் போனால், நித்திரை, பசி, கவனம் குழம்பினால் அது குணத்தின் பிழையில்லை, நோய் என்றார். வளரும் வயதில் அழுகைக்குப் பதிலாகக் கோபமாகவும் அது வரும். மருந்து உடனே வேலை செய்யாது, சில கிழமைகள் பிடிக்கும் என்றும் சொல்லியனுப்பினார்.

அந்தச் சில கிழமைகள்தான் பெரிய சோதனை. ரீச்சர் செய்த வேலையின் அருமை அப்போதுதான் தெரிந்தது. அவர் எனக்கு அறிவுரை சொல்லவேயில்லை. "மனதைத் தைரியமாக வைத்திரு" என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, அதுவும் பாதி செய்தால் போதும் என்றார். பாதி செய்த கணக்குக்கும் சரி போட்டுத் திகதி எழுதித் தருவார். கதவோரத்து மேசையில் இருத்தினார், தாங்க முடியாவிட்டால் கேட்காமலே எழும்பிப் போகலாம். பிந்தி வந்தால் வாசலில் மறிக்கக் கூடாது என்று அதிபரிடம் அனுமதி எடுத்திருந்தார். நோட்ஸ் தருவதற்கு ஒரு நண்பனை ஒழுங்கு செய்தார், ஆனால் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. ஐந்து நாள் வராமல் ஆறாம் நாள் போனபோது வகுப்புக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. "கொப்பியை எடு" என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் என் இடம் எனக்காகக் காத்திருந்தது தெரிந்தது.

அவர் என்னைக் குணமாக்க முயலவில்லை. குணமாக்குவது கிளினிக்கின் வேலை என்று விட்டுவிட்டார். கண்டுகொள்வதும், கேட்பதும், உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், திரும்பி வரும்போது கதவைத் திறந்து வைத்திருப்பதும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளின் மனதைப் பற்றி எங்கள் ஊருக்குத் தெரியாமல் இருக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள். காயம் வெளியே தெரிந்த சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பொடியனுக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் எண்ணவில்லை.

2006இல் பரீட்சை எழுதினேன், புள்ளி போதவில்லை. 2007இல் போரால் படுவான்கரையே இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தபோது வருத்தம் திரும்பவும் எட்டிப்பார்த்தது. இந்த முறை மூன்று மணி முழிப்பு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் கூப்பிடாமல் நானே கிளினிக்குக்குப் போனேன்.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். 10 முதல் 19 வயது வரையானவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனநலப் பிரச்சினையோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை வாசித்தபோது எங்கள் வகுப்பறையை மனதில் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தேன். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். அப்படியென்றால் ஆறு பேர். மற்ற ஐந்து பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த மலரைப் படிக்கிற ஊர் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. பிள்ளைக்காக மட்டும் இல்லை, நாள் முழுக்கப் பிள்ளைகளின் பாரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற உங்களுக்காகவும் அழையுங்கள். எங்கள் ரீச்சர் யாரிடம் அழுதார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சங்கத்தின் அடுத்த திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது, ஓய்வுபெற்று ஊரில் இருக்கும் அவருக்குப் போன் எடுத்தேன். உளவளத்துணைக்கு என்று நாங்கள் காசு சேர்த்தால் என்ன வாங்குவது என்று கேட்டேன். பெரிய கட்டடம் ஒன்றைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ரெண்டு கதிரை போடுற ஒரு சின்ன அறை, கதவு இருக்கோணும். பொறுப்பான ரீச்சருக்குக் கிழமையில நாலு பாடவேளை வேற வகுப்புக் குடுக்காம விடச் சொல்லி அதிபரோட கதையுங்க. மறுகா, பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஓட்டோக் காசு. அதுதான் அந்த நேரம் எனக்குக் கையில இருக்கல்ல."

அந்த ஓட்டோக் காசு, முதல் இரண்டு வருடத்துக்கு, என் கணக்கில். பொருளாளர் குறித்துக்கொள்ளவும்.