பாக்மான் அடுத்து ஆல்கோவைத்தான் செய்யும் என்று ஏன் நினைக்கிறேன்

ரயில் மாடல் சேகரிப்பவர்களுக்குள் ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. எந்த நிறுவனம் அடுத்து எந்த எஞ்சினை வெளியிடும் என்று ஊகிப்பதே அது. அகலப்பாதை மாடல்களில் இந்த விளையாட்டுக்குச் சுவை குறைவு. அங்கே பெயர்பெற்ற எஞ்சின்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நிறுவனத்தின் பட்டியலில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டன. பிரிட்டிஷ் குறும்பாதை மாடல்களில் நிலைமை வேறு. கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, உடனே தண்டவாளத்தில் ஓடவிடக்கூடிய தரமான நீராவி எஞ்சின்கள் இங்கே பரவலாக வரத் தொடங்கியதே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். ஆகவே ஊகத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. என் ஊகம், மாடல் ரயில் செய்யும் பாக்மான் நிறுவனம் அடுத்து, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் முதலாம் உலகப் போருக்காகக் கட்டிய எஞ்சினைச் செய்யும் என்பது. அதற்கு நான் வந்துசேர்ந்த வழி சற்று நீளமானது.

பழக்கமில்லாதவர்களுக்காக அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஓஓ9 என்ற அளவு. இதில் உண்மையான ரயிலின் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர் ஆகும். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 9 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அது 2 அடி 3 அங்குலப் பாதைக்குத்தான் துல்லியமாகப் பொருந்தும். வேல்ஸில் உள்ள டாலிலின், காரிஸ் ஆகிய இரண்டு ரயில்வேக்களும் அந்த அகலம் கொண்டவை. அதே வேல்ஸில் உள்ள, இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவான ஃபெஸ்டினியாக் ரயில்வேயின் பாதைக்கும், முதலாம் உலகப் போரில் போட்ட 600 மில்லிமீட்டர் பாதைக்கும் உண்மையில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரை இந்தத் துறையில் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பெரிதுபடுத்தினால் மோட்டார் வைக்க இடம் இருக்காது.

1960களில் ஜெர்மனியின் எக்கர்பான் நிறுவனம் 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சிறு எஞ்சின்களை விற்றது. அது ஓய்ந்த பிறகு, வெள்ளை உலோகத்தில் வார்த்த எஞ்சின் கூட்டை வாங்கி, அதை ‘என்’ (N) எனப்படும் சிறிய மாடல் அளவின் ஏதாவதொரு எஞ்சினின் அடிச்சட்டத்தின் மேல் பொருத்தி ஓட்டுவதே பல பத்தாண்டுகளாக வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 1973-இல் தொடங்கிய 009 சங்கத்தின் பழைய உறுப்பினர்களில் பலர் அப்படிக் கைப்பழகியவர்கள்தான். ஒரு பெரிய நிறுவனம் இந்த அளவில் முதலீடு செய்யும் என்று அப்போது ஊகித்தவரை மற்றவர்கள் கனவு காண்பவர் என்றே நினைத்திருப்பார்கள்.

ஊகிப்பவர்கள் பெரும்பாலும் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. உண்மையில் எத்தனை எஞ்சின்கள் கட்டப்பட்டன என்று எண்ணி, அதிகம் கட்டப்பட்டதே அடுத்த மாடலாக வரும் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓஓ9-இன் இந்தப் புதிய காலத்தைத் தொடங்கிவைத்த எஞ்சின் எது என்று பாருங்கள். டென்மார்க்கின் ஹெல்ஜன் நிறுவனம் தேர்ந்தெடுத்தது, டெவன் மாவட்டத்தின் லின்டன் - பார்ன்ஸ்டபிள் ரயில்வேக்காக மானிங் வார்டில் என்ற நிறுவனம் கட்டிய 2-6-2 டேங்க் எஞ்சினை (முன்னே 2 சிறு சக்கரங்கள், நடுவே 6 ஓட்டும் சக்கரங்கள், பின்னே 2 சிறு சக்கரங்கள்; தண்ணீர்த் தொட்டி எஞ்சினிலேயே இருக்கும்). அந்த வகையில் மொத்தமே நான்குதான்: 1897-இல் கட்டிய யியோ, எக்ஸ், டா ஆகிய மூன்றும், 1925-இல் வந்த லூவும். அந்த ரயில்வே 1935-இல் மூடப்பட்டது. நான்கில் ஒன்றுகூட இன்று கைவசம் இல்லை. லூ மட்டும் பிரேசிலுக்குக் கப்பலேறிப் போய் அங்கே மறைந்துவிட்டது. மறுபக்கம், ஜெர்மன் ராணுவத்தின் ‘பிரிகேட்’ எஞ்சின்கள் 2500-க்கும் மேல் கட்டப்பட்டவை. எண்ணிக்கையே விதியாக இருந்தால் பிரிட்டிஷ் நிறுவனங்கள் அதைத்தான் முதலில் தொட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் லின்டன் எஞ்சினை வரவழைத்தது எது? என் விடை: பெட்டிகள். அதே காலத்தில் பீக்கோ நிறுவனம் அந்த ரயில்வேயின் பயணிகள் பெட்டிகளை ஓஓ9-இல் வெளியிட்டது. எஞ்சின் ஒரு நிறுவனத்துடையது, பெட்டிகள் இன்னொரு நிறுவனத்துடையது. ஆனால் வாங்குபவருக்கு முழு ரயில் ஒன்று கிடைத்தது. எஞ்சினை மட்டும் வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் இரண்டாவது எஞ்சினையும் மூன்றாவது எஞ்சினையும் வாங்குபவர், ஏற்கெனவே பெட்டிகளுக்குச் செலவழித்தவர்தான். ஹெல்ஜன் பின்னர் அதே ரயில்வேயின் லின் என்ற, அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டிய 2-4-2 டேங்க் எஞ்சினைச் செய்ததும் இதே கணக்கில்தான்.

பீக்கோவின் அடுத்த நகர்விலும் இதே வரிசையைக் காணலாம். ஃபெஸ்டினியாக்கின் நான்கு சக்கரப் பெட்டிகளும் கற்பலகை ஏற்றும் சிறு வேகன்களும் முதலில் வந்தன. அவற்றை இழுக்க, 1863 முதல் ஜார்ஜ் இங்கிலாந்து நிறுவனம் கட்டிக்கொடுத்த சின்னஞ்சிறு எஞ்சின்களை ஜப்பானின் காட்டோ நிறுவனத்துடன் சேர்ந்து அது வெளியிட்டது. எஞ்சின் வருவதற்கு முன்பே அதன் வேகன்கள் கடையில் காத்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே அடுத்த எஞ்சினை ஊகிக்க விரும்புபவர், எஞ்சின் பட்டியலை மூடிவைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் பெட்டி, வேகன் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது.

பாக்மானின் பட்டியலை அப்படிப் பார்த்தால் இரண்டு குவியல்கள் தெரிகின்றன. ஒன்று போர்க்களத்துக் குவியல். பிரிட்டிஷ் போர்த்துறைக்காக 1916-17-இல் பால்ட்வின் 495 எண்ணிக்கையில் கட்டிய 4-6-0 டேங்க் எஞ்சின்தான் பாக்மான் ஓஓ9-இல் செய்த முதல் நீராவி எஞ்சின். அதோடு போர்த்துறையின் நீளமான போகி வேகன்களும் வந்தன. இன்னொன்று ஃபெஸ்டினியாக் குவியல்: இரண்டு புகைபோக்கிகள் கொண்ட இரட்டை ஃபேர்லி எஞ்சினும், பக்கங்கள் வளைந்த போகிப் பெட்டிகளும். கற்சுரங்கங்களுக்காக ஹன்ஸ்லெட் நிறுவனம் கட்டிய எஞ்சின்களின் மாடல்கள் இவ்விரண்டுக்கும் நடுவே, சற்று ஃபெஸ்டினியாக் பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

பால்ட்வின்னைத் தேர்ந்தெடுத்ததில் பாக்மானின் சாமர்த்தியம் எங்கே இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். போர் முடிந்ததும் உபரியாக விற்கப்பட்ட அந்த எஞ்சின்கள் பல திசைகளுக்குப் போயின. டெர்பிஷயரில் 1925-இல் திறந்த ஆஷோவர் ரயில்வே அவற்றை வாங்கி பெகி, ஜோன், ஹம்மி என்று நிறுவன முதலாளியின் பிள்ளைகளின் பெயர்களைச் சூட்டியது. கிளின் வேலி, ஸ்னெயில்பீச், வெல்ஷ் ஹைலண்ட் ஆகிய பாதைகளுக்கும் அவை போய்ச்சேர்ந்தன. இந்தியாவுக்கு வந்தவை சர்க்கரை ஆலைகளில் உழைத்தன. லெய்டன் பஸ்ஸர்ட் பாதையில் இன்று பாதுகாக்கப்படும் 778 எண் கொண்ட எஞ்சின், இங்கே கரும்பு இழுத்துவிட்டுத் திரும்பிப் போனதுதான். மாடலை வார்க்கும் அச்சு ஒன்றே; பல வண்ணங்கள், பல பெயர்கள். மாடல் நிறுவனத்தின் முதலீட்டில் பெரும்பகுதி அச்சுக்கே போகிறது. வண்ணத்தை மாற்ற ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இந்த இரண்டு குவியல்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஓர் எஞ்சின் நிற்கிறது. அதுதான் ஆல்கோ 2-6-2 டேங்க்.

முன்னே நான்கு சிறு சக்கரங்களும் பின்னே ஒன்றும் இல்லாத பால்ட்வின், பின்னோக்கி ஓடும்போது தடுமாறும் என்ற குறை போர்க்களத்தில் எழுந்தது. அவசரத்தில் போட்ட, மேடும் பள்ளமுமான பாதையில் அது சிறிய குறை அல்ல. அடுத்துத் தேவைப்பட்ட எஞ்சின்களுக்கு அமெரிக்க லோகோமோட்டிவ் நிறுவனமாகிய ஆல்கோவை அணுகியபோது, முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிறு சக்கரங்கள் கொண்ட வடிவம் கிடைத்தது. அதன் நியூ ஜெர்சி ஆலையில் 100 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றுள் 1265 என்ற போர்த்துறை எண் கொண்டது, போருக்குப் பிறகு பிரான்ஸில் பிதிவியே - தூரி பாதையில் சர்க்கரை பீட்ரூட் இழுத்தது. அந்தப் பாதை 1964-இன் இறுதியில் மூடப்பட்டது. 1967-இல் எஞ்சின் ஃபெஸ்டினியாக்குக்கு வந்து ‘மவுண்டனியர்’ என்ற பெயரைப் பெற்றது. அங்குள்ள குறுகலான இடைவெளிகளுக்குள் நுழையும்படி அதன் ஓட்டுநர் கூண்டை மாற்றி அமைத்தார்கள்; நிலக்கரிக்குப் பதில் எண்ணெயை எரிக்கும்படியும் ஒரு கட்டத்தில் மாற்றினார்கள்.

மாடல் செய்பவரின் கண்ணால் இந்த வாழ்க்கை வரலாற்றைப் பாருங்கள். போர்க்கால உருவத்தில் வெளியிட்டால், பாக்மானின் போர்த்துறை வேகன்கள் அதன் பின்னால் தயாராக நிற்கின்றன. கூண்டை மட்டும் மாற்றி ஃபெஸ்டினியாக் உருவத்தில் வெளியிட்டால், வளைந்த பக்கப் பெட்டிகள் தயாராக நிற்கின்றன. நடுவில் பிரெஞ்சுப் பாதையின் உருவம் வேறு இருக்கிறது. அதற்கு ஐரோப்பியக் கண்டத்தில் ஆசைப்படுபவர்கள் உண்டு, அவர்கள் பின்பற்றும் மாடல் அளவு சற்றுச் சிறியது என்றாலும். பால்ட்வின்னை ஏற்கெனவே வாங்கியவர் அதன் பக்கத்தில் நிறுத்த ஒன்று வாங்குவார். ஃபேர்லியை வாங்கியவரும் வாங்குவார். புதிதாக ஒரு பெட்டிகூடச் செய்யாமல் இரண்டு வகை வாடிக்கையாளர்களை அடையக்கூடிய வேறோர் எஞ்சின் என் நினைவுக்கு எட்டவில்லை.

ஹன்ஸ்லெட்டின் 4-6-0 டேங்க்கே முந்தும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதே போருக்காக 155 கட்டப்பட்டவை. அழகிலும் ஆல்கோவை மிஞ்சும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குயின்ஸ்லாந்தின் சர்க்கரைத் தோட்டங்களில் உழைத்த 1215 என்ற எஞ்சினைப் பிரிட்டனுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, சீரமைத்து, மீண்டும் நீராவியில் ஓட்டிவிட்டார்கள். அளவெடுக்க விரும்பும் நிறுவனத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் போருக்குப் பிறகு பிரிட்டனின் பாதைகளில் அதற்கு பால்ட்வின் போன்ற இரண்டாம் வாழ்க்கை அமையவில்லை. போர்க்கால வண்ணத்தை விட்டால் அடுத்தது ஆஸ்திரேலியக் கரும்புத் தோட்டம்தான். ஒரே வண்ணத்துக்காக ஓர் அச்சு செய்ய எந்த நிறுவனமும் தயங்கும்.

என் ஊகத்துக்கு எதிராகவும் ஒரு கனமான காரணம் இருக்கிறது. மவுண்டனியர் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. மலைப்பாதையில் பயணம் போய், தங்களை இழுத்த எஞ்சினின் மாடலை அங்குள்ள கடையிலேயே வாங்கிவரும் குடும்பங்கள் இந்த வியாபாரத்தில் முக்கியமானவர்கள். அவர்களுக்கு மவுண்டனியர் யாரென்றே தெரியாது. 1970களிலும் 80களிலும் அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விலையில் மாடல் வாங்குபவர்களில் பெரும்பங்கு அந்த வயதினர்தான் என்பதால் இந்தக் காரணம் என்னை அசைக்கவில்லை.

ஊகம் சரியா தவறா என்று தெரிய இப்போது நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பாக்மான் முன்பு ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட பட்டியலை அறிவிக்கும். அதில் உள்ள மாடல் கடைக்கு வர ஆண்டுகள் ஆவதும் உண்டு. இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, விரைவில் வரவிருப்பவற்றை மட்டும் சொல்கிறது. அறிவிப்பு வரும்போதே மாடல் ஏறத்தாழத் தயாராக இருக்கும் என்பதால், இடையில் கசியும் படங்களை வைத்து ஊகிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பெட்டிகளை வைத்துக் கணக்கிடும் என் வழிக்கு அதனால் மதிப்புக் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

மனம் விரும்புவது வேறு. டார்ஜிலிங் மலைப்பாதையின் பி வகை எஞ்சின்தான் எனக்கு வேண்டும். ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் 1889-இல் கட்டத் தொடங்கிய அந்தக் குட்டி எஞ்சினின் முன்பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் தூவும் தொழிலாளர்களோடு சேர்த்து அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஓர் அடிக்கு 16 மில்லிமீட்டர் என்ற பெரிய அளவில், உண்மையான நீராவியாலேயே ஓடும் டார்ஜிலிங் எஞ்சினை டான்காஸ்டரின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் செய்திருக்கிறது. 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அங்கே இரண்டு அடிப் பாதை துல்லியமாகவே பொருந்திவிடும். அதன் விலைக்கும் அது ஓடுவதற்கு வேண்டிய தோட்டத்துக்கும் அடுக்குமாடி வீட்டில் வழியில்லை. ஓஓ9-இலோ, நான் மேலே சொன்ன விதியே அதற்கு எதிராக நிற்கிறது. பி வகைக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு, எழுத்தும் படமும் ஏராளம். அந்த வகையில் ஒன்று கடல் கடந்து பிரிட்டனுக்கே போய்ச்சேர்ந்திருக்கிறது. இல்லாதது பெட்டிகள்தான். என்றைக்காவது ஒரு நிறுவனம் டார்ஜிலிங்கின் சிறு பயணிகள் பெட்டி ஒன்றை இந்த அளவில் வெளியிட்டால், அன்றைக்கே எஞ்சினுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுவேன். அதுவரை ஆல்கோவுக்காகச் சேர்க்கிறேன். போர்க்கால உருவத்தையும் மவுண்டனியரையும் சேர்த்து வாங்கும் உத்தேசம் இல்லை, மவுண்டனியர் மட்டும் போதும்.