லேத் கதவின் ஜன்னலுக்கும் வயது உண்டு

கோயம்புத்தூரில் சிறு பட்டறைகளில் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களான சி.என்.சி. லேத்துகளைப் பராமரித்து வரும் எனக்கு, சுழலும் தண்டைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங்கைப் பற்றிக் கவலைப்படும் முதலாளிகள் பலரைத் தெரியும். இயந்திரக் கதவில் உள்ளே பார்ப்பதற்காக இருக்கும் ஜன்னலைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. நாம் கண்ணாடி என்று சொன்னாலும், அங்கே அடியைத் தாங்குவது பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுதான். வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் 250 மி.மீ. விட்டமுள்ள சக் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்த நிலையில் சக்கின் பிடிதாடையான ஜா ஒன்று கழன்று பறந்தால், ஆபரேட்டரின் முகத்துக்கு முன்னால் நிற்பது அந்தத் தகடு மட்டுமே.

புதிய பாலிகார்பனேட், அடிபட்டால் நொறுங்காமல் உப்பி வளைந்து அந்த விசையை வாங்கிக்கொள்ளும். வெட்டும் இடத்தின் சூட்டைத் தணிக்கப் பாய்ச்சும் கூலன்ட்டும் எண்ணெய்ப் புகையும் பட்டுக்கொண்டே இருக்க, இந்த வளையும் தன்மை ஆண்டுக்காண்டு குறைகிறது. மஞ்சளித்த, மயிரிழை விரிசல் விட்ட தகட்டை மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால், பளிச்சென்று இருக்கும் பழைய தகடும் வலுவிழந்திருக்கக்கூடும் என்பதால், கண்ணை நம்பாமல், தயாரிப்பாளர் குறித்த காலக்கெடுவை நம்புவதே சரி. பொருத்திய தேதியை ஜன்னல் சட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

பல இயந்திரங்களில் பாலிகார்பனேட்டைக் காக்க உட்புறம் ஒரு கண்ணாடி இருக்கும். டார்ச் அடித்துக் கீழ் விளிம்பைப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் கூலன்ட் கோடு தெரிகிறதா என்பது புலப்படும். தெரிந்தால் ஓரத்தை அடைத்திருக்கும் சீல் போய்விட்டது, பாலிகார்பனேட் நனைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கறை போகட்டும் என்று தின்னர் போட்டுத் துடைப்பது அதைவிடக் கேடு. மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். செலவு குறையும் என்று பாலிகார்பனேட்டுக்குப் பதிலாகக் கடையில் அக்ரிலிக் வெட்டி வாங்கி மாட்டுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வெட்டி எறிந்த துண்டைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, அது நொறுங்குவதைக் காட்டிவிடுவேன்.

கதவு மூடாவிட்டால் இயந்திரத்தை ஓடவிடாத இன்டர்லாக்கில், கதவோடு வரும் சாவிக்குப் பதிலாக உபரிச் சாவியைச் செருகி ஏமாற்றுவதற்கு ஆபரேட்டரின் அவசரம் மட்டும் காரணமன்று. கதவு ஓடும் தண்டவாளத்தில் சிப்ஸ் எனும் உலோகச் சீவல்கள் அடைத்து, உருளை தேய்ந்து, கதவு முழுதாக மூடாததால் வேலைக்கு நடுவில் இயந்திரம் நின்றுபோவதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆகவே, அந்தச் சாவியைப் பிடுங்கும் நாளிலேயே தண்டவாளத்தைச் சுத்தம் செய்து, உருளைகளையும் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.