ஜிக் ஊத்துற மே மாசம்

மே 6
தூண்டில்ல மீனை ஏமாத்த மாட்டுற உலோக ஜிக்கை நானே உருக்கி ஊத்தப் போறேன்னதும், அண்ணாச்சி கடையில கார்ல இருந்து கழட்டிப் போட்ட வீல் வெயிட் (வீல் ஆடாம சுத்துறதுக்கு மாட்டுற சின்ன எடைக்கட்டி) ஒரு டால்டா டப்பா நிறைய குடுத்தாரு. மாடியில கொட்டி ஒவ்வொண்ணா கட்டிங் பிளேயரால கடிச்சுப் பாத்துட்டு இருக்கேன், பல் பதிஞ்சா காரீயம், வழுக்குனா ஜிங்க் இல்லேனா இரும்பு. காரீயம் 327 டிகிரியில உருகிரும், ஜிங்க்குக்கு 419 வேணும், அதனால தீயை அடக்கி வச்சா தப்பி விழுந்த ஜிங்க் உருகாம மேல மிதக்கும், கரண்டியால அள்ளிப் போட்ரலாம். தீ ஏறிச்சுனா ரெண்டும் கலந்து கூழாயிரும், அப்புறம் அச்சுல ஓடாது. டப்பாவுல பாதிக்கு மேல இரும்பு. புது காருக்கெல்லாம் காரீயம் போடுறது கொறஞ்சு போச்சு போல.

மே 7
மாசமா இருக்கிற அக்கா ராத்திரி பூரா தூங்கல. கால் வீக்கம்.

மே 9
கடையில வாங்குன 30 கிராம் ஜிக்க வச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு பாதியா அச்சு எடுத்தாச்சு, ஒட்டிக்காம இருக்க நடுவுல வாஸ்லின். காய வைக்கிறது தான் பெரும்பாடு. மேல தொட்டா எலும்பு மாதிரி காஞ்சிருக்கும், உள்ள ஈரம் ஒளிஞ்சு கெடக்கும். அதுல ஈயம் பட்டா தண்ணி ஆவியாகி 1,700 மடங்கு விரியும், வெளிய வர வழி இல்லாம உருகுன ஈயத்தையே நம்ம மூஞ்சிக்கு வீசும். அதனால தினம் காலையில அம்மாவோட கிச்சன் தராசுல எடை போடுறேன், எடை குறையிறது நின்னா தான் காஞ்சதா கணக்கு. தூத்துக்குடி வெயிலுக்கு ரெண்டே நாள்ல காஞ்சிரும்னு அண்ணாச்சி சொல்றாரு, கடல் காத்துல இருக்குற ஈரத்த அவரு கணக்குல எடுக்கல.

மே 10
இன்னும் குறையுது.

மே 12
அக்காவுக்கு பிரஷர் மறுபடியும் 140 தாண்டிருச்சு. டாக்டர் உப்பைக் குறை, எடப்பக்கமா படு, பாத்துக்கலாம்னு சொன்னாங்களாம். பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம்? அத்தானுக்கு கப்பல்ல நெட் கிடைக்கிறப்பல்லாம் எனக்கு தான் மெசேஜ், அக்காகிட்ட கேட்டா நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லுவாளாம். நான் என்னத்த சொல்ல.

அச்சு எடை நேத்தும் இன்னைக்கும் ஒண்ணு தான்.

மே 13
ஊத்தியாச்சு!! மாடியில காத்து முதுகுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நின்னுக்கிட்டு, ஷூ, முழுக்கை சட்டை, கண்ணாடி. அச்சுக்குள்ள மெழுகுவர்த்திப் புகை பிடிச்சு கரி ஏத்திட்டா ஈயம் ஓரம் வரைக்கும் ஓடும். அச்சு சூடாகுற வரைக்கும் வந்ததெல்லாம் சுருக்கம் விழுந்து தான் வந்துச்சு, அதுக்கப்புறம் பாருங்க, திறந்தா கண்ணாடி கணக்கா பளபளப்பு, கம்பி நேரா நடுவுல, வால் பக்கம் கத்தி மாதிரி கூர்மை. அரை மணி நேரம் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அதே நாள் ராத்திரி
தூக்கம் வரல. புகைய விட தூசி தான் மோசம்னு இப்ப படிச்சேன், உருக்குறப்ப மேல படியுற கசடு, அரம் போடுறப்ப விழுற பொடி, அது கையில கால்ல ஒட்டி வீட்டுக்குள்ள வரும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லனு ஒரு அளவே ஈயத்துக்குக் கிடையாதுனு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அம்மா ரத்தத்துல இருந்து கொடி வழியா பிள்ளைக்குப் போகும். நான் ஊத்துறதுக்கு முன்னாடியே கொடியில கிடந்த துணியெல்லாம் எடுத்துட்டேன், குளிச்சிட்டு தான் கீழ இறங்குனேன், சட்டைய தனி வாளியில போட்டேன், அரம் போடவே இல்ல. எல்லாம் சரி தான். ஆனா அவ தினமும் சாயங்காலம் அந்த மாடியில தானே நடக்கிறா.

ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய் ஈரத்துணி வச்சு தரைய தொடச்சேன். காஞ்ச விளக்குமாறு போட்டா பறக்கும்.

மே 14
டப்பா, சட்டி, கரண்டி, அச்சு எல்லாத்தையும் அண்ணாச்சிகிட்ட கொண்டு போய் வச்சிட்டேன். "பயந்தாங்கொள்ளி"ங்கிறாரு. இருந்துட்டுப் போறேன்.

மே 16
காரீயத்துக்குப் பதிலா வெள்ளீயம்! 232 டிகிரி தான், வீட்டு அடுப்பே போதும். பரண்ல ஆச்சியோட ரச சொம்பு ஒண்ணு கெடக்கு, வெறுஞ்சொம்ப அடுப்புல வச்சு அடி உருகிப் போனது. அம்மாகிட்ட கேட்டேன். பதிலே இல்ல, ஒரு பார்வை மட்டும். சரி விடு, பழைய சொம்புல காரீயம் எவ்வளவு கலந்திருக்குனு யாருக்குத் தெரியும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுற பாய்கிட்ட போனேன். அவரு ஒரு குச்சிய எடுத்து என் காதுகிட்ட வச்சு வளைச்சாரு, மொறுமொறுனு ஒரு சத்தம். சுத்த வெள்ளீயம்னா அப்படி கத்துமாம், காரீயம் கூடக்கூட அது அடங்கிருமாம். அந்தக் குச்சியையே வாங்கிட்டேன். பேப்பர்ல தேச்சும் பாத்துட்டேன், காரீயம் விடுற மாதிரி கறுப்புக் கோடு விடல. விலை மட்டும் கேக்காதீங்க.

மே 17
புது அச்சு காயுது. எடை எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன், அக்கா அவளோட பிரஷரையும் பக்கத்துல எழுதுறா. கொழுப்பு.

கறிக்கடையில சேவல் கழுத்து இறகு கேட்டேன், பை நிறைய சும்மாவே குடுத்தாரு. ஹூக்ல தையல் நூல் சுத்தி இறகைக் கட்டி முடிச்சுல ஃபெவிக்விக். சிவப்பு நெயில் பாலிஷ் அக்காவோடது, நூல் சுத்துன தலைப்பக்கம் ரெண்டு கோட்டு அவளே அடிச்சா, கண்ணு வேற வரைஞ்சா.

மே 20
அட்மிட். ஒரு நாள் பாப்போம்னு சொல்லியிருக்காங்க.

மே 21
பாத்துட்டே இருக்காங்க. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன், அம்மா உள்ள. அச்ச இன்னைக்கு எடை போடல.

மே 22
குளிக்க வீட்டுக்கு வந்தவன் அப்படியே ஊத்திட்டேன், அடுத்து எப்ப நேரம் கிடைக்குமோ. அதே 30 கிராம் அச்சு, வெள்ளீயம்ங்கிறதால 19 கிராம் தான் வருது. மெதுவா தான் இறங்கும், பாறை மீன் பாத்துட்டு வந்து அடிக்க டைம் இருக்கும். தூரம் தான் போகாதுனு அண்ணாச்சி ஃபோன்ல இழுத்தாரு, ஆனா மேக்க இருந்து வீசுற கச்சான் காத்து ஆரம்பிச்சாச்சு, கரையில நின்னா முதுகுல இருந்து தானே தள்ளும், போகும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரைக்கும் கட்டிக் கிடக்கு, முயல் தீவு பக்கம் ரெண்டு நாளா ஊளி மீன் கரைக்கே வருதாம். போகணும். முதல்ல ஃப்ளாஸ்க்ல வெந்நி கேட்டாங்க, அதக் கொண்டு…