அத்தையின் பாட்டு நோட்டும் ஒரு பழைய சட்டப் புத்தகமும்

ஜூலை 6

மதுரை சிம்மக்கல்லில் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது ஐந்து பாட்டு நோட்டுகள் கிடைத்தன. நாற்பது வருஷம் தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுத்தவர் அத்தை. இரண்டு நோட்டுகளை ராமபாணப் பூச்சி சல்லடையாக்கிவிட்டது. மிச்சத்தைப் பெட்டியில் போட்டு மூடினால் அதற்கும் அதே கதிதான்.

ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்கள்மேல் காகிதம், துணி, வண்ணம், சின்னச் சின்னப் பொருள்கள் என்று ஒட்டி வேறொரு புத்தகமாக்குகிற கலை உண்டு. அதில் அத்தையின் ஸ்வரங்களை வைக்கப்போகிறேன். இந்தக் கலையில் பலர் இசைத்தாளைக் கிழித்துப் பின்னணிக்கு ஒட்டி, மேலே பூப் போடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. என் புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு ஸ்வர வரியையும் பார்த்துப் பாட முடிய வேண்டும்.

ஜூலை 8

பழைய புத்தகக் கடையில் வருமான வரிச் சட்ட விளக்கம் ஒன்று, 60 ரூபாய். சட்டம் எத்தனையோ தடவை மாறிவிட்டது, இனி யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. காலிகோ அட்டை, நூலால் தைத்த பைண்டிங். தைத்ததுதான் வேண்டும். முதுகில் வெறும் பசை போட்டதென்றால் நாலு பக்கம் எடுத்ததுமே மிச்சமும் உதிர்ந்துவிடும்.

கத்தியை எடுத்ததும் அத்தை முகம் மாறியது. "புஸ்தகத்துல கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம், நீ வெட்டப்போறியா?" நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி அவரே எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "உன் நோட்டு இல்ல, என் நோட்டு. அதனால சரி."

ஜூலை 12

ஏழெட்டுத் தாளுக்கு இரண்டு தாள் வீதம், முதுகோரம் ஒரு விரல் விட்டு வெட்டினேன். இப்படி இடம் விடாமல் ஒட்டிக்கொண்டே போனால் புத்தகம் வயிறு உப்பி முதுகு பிளந்துவிடும். மிச்சத் தாள்களை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒட்டினேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினேன். பைண்டிங்காரர்கள் பூச்சி வராமலிருக்கச் செய்வதுதான். துத்தம் விஷம், பசைச் சட்டி சமையலறைப் பக்கமே போகவில்லை. பசை தண்ணீராக இருந்தால் தாள் அலை அலையாகிவிடும், கெட்டியாகத் தேய்க்க வேண்டும். இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்து, மேலே குழவிக்கல்.

ஜூலை 18

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வெட்டி வைத்த துண்டெல்லாம் முற்றத்தில். பக்கங்களுக்கு ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு பூசினேன், அடியிலுள்ள வரிச் சட்டம் லேசாகத் தெரிகிற அளவுக்கு. ஒட்டவேண்டிய காகிதங்களை டிக்காஷனில் நனைத்துக் காயவைத்தேன். நோட்டின் நிறத்துக்கு அப்படியே ஒத்துப்போயிற்று.

நோட்டைக் கிழிக்கப்போவதில்லை, ஜெராக்ஸ்தான். இங்க்ஜெட்டில் எடுத்த நகலில் பசை பட்டதும் மை கரைந்து ஓடியது. டோனரில் எடுத்தது நின்றது.

ஜூலை 22

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். பாட்டுப் படிக்கிறவர்கள் ஆரம்பத்தில் பாடும் பயிற்சியான முதல் சரளி வரிசையை மட்டும் வெட்டி ஒட்டாமல், மையைப் பக்கத்துக்கே மாற்ற நினைத்தேன். அக்ரிலிக் மீடியம் தடவி, நகலைக் கவிழ்த்து ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் பின்பக்கத்தை நனைத்து, விரலால் உருட்டி உருட்டித் தாளை எடுத்தேன். மை மட்டும் தங்கியது, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. கவிழ்த்து ஒட்டினால் அப்படித்தான் விழும், மறந்துவிட்டேன்.

அத்தை எழுத்தைப் பார்க்கவில்லை, தாளத்தைப் பிரிக்கிற கோடுகளைப் பார்த்தார். "லகு கடைசியில போய் நிக்குதேடி! இதுக்கு எப்படித் தாளம் போடுறது?" ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி, அதே வழியில் இறங்குகிற வரி அது. திருப்பிப் படித்தாலும் ஸ்வரம் மாறவில்லை. ஆதி தாளத்தில் முதலில் வரும் லகுவுக்கு 4 எண்ணிக்கை, பிறகு 2, 2. அந்த 4, 2, 2 மட்டும் 2, 2, 4 ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வரி முன்னும் பின்னும் ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தை அழிக்க மனம் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில், ஜெராக்ஸ் கடையில் சொல்லித் இடவலம் மாற்றி எடுத்த நகலை அதே முறையில் மறுபடி ஒட்டினேன். இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 27

எம்.எஸ். சுப்புலட்சுமி பக்கம். 1916இல் இந்த ஊரில் பிறந்தவர், அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். எம்.எஸ். படம் ஒட்டவில்லை, அது எல்லாரிடமும் இருக்கிறது. அம்மாவின் நினைவாக ஒரு வீணைக் குடம் மட்டும் பழைய பட்டுச் சேலைக் கரையில் வெட்டினேன். மதுரை மணி அய்யருக்குப் படமே இல்லை, பக்கம் முழுக்க ஸ்வரங்கள். அவர் கல்பனாஸ்வரம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் வரும் ஸ்வரங்கள், பாடுவதைக் கேட்டவர்களுக்கு அது போதும்.

மீனாட்சியம்மன் கோயிலில் தட்டினால் ஒலிக்கிற இசைத்தூண்களும் வேண்டும். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, பார்த்துவிட்டு வந்து ஞாபகத்திலிருந்து வரைந்தேன். சிறு தூண்களுக்குக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டி வரிசையாக ஒட்டினேன்.

ஆகஸ்ட் 2

பின்பகுதியில் அறுபது தாளைச் சேர்த்து ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு குழி வெட்டினேன். வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கம்பிகளுக்கு மெட்டு என்று பெயர், மொத்தம் 24. வீணைக்கு மெழுகு போட்டுப் புதுப்பித்தபோது மாற்றிய பித்தளை மெட்டு ஒன்று அத்தையிடம் இருந்தது, அது குழிக்குள். புத்தகத்தைக் கட்டப் பழைய தந்தி கேட்டேன். "எஃகு வேண்டாம், துருப் பிடிச்சுத் தாள்ல இறங்கும்" என்று பித்தளைத் தந்தி எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு, ஒரு கீதத்தைப் பக்கத்தைப் பார்த்துப் பாடினார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். "இங்க ஒரு கார்வை இருக்கணுமே." ஸ்வரத்தை நீட்டச் சொல்கிற ஒரு காற்புள்ளி நகலில் விழாமல் போயிருந்தது. பேனா கேட்டு வாங்கி, வண்ணத்துக்கு மேலேயே போட்டார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.