மாஸ்டரின் நாலு கேள்வி

வருகிற மார்கழியோடு எங்கள் குடியியல் மாஸ்டர் மறைந்து ஒரு வருடம். எந்தப் பதவியின் பெயரைச் சொன்னாலும் அவர் கரும்பலகையில் எழுதும் நாலு கேள்விகளை எங்கள் வகுப்பார் மறந்திருக்க மாட்டார்கள்: ஆர் தாறது, ஆர் பறிக்கிறது, எதிலே கையெழுத்து வைக்கலாம், எதிலே வைக்க ஏலாது. "சம்பளத்தை விடு தம்பி." புகழ்மாலை அவருக்குப் பிடிக்காது. ஆகவே அந்தக் கேள்விகளுக்கு அகப்படும் ஓர் ஆளைத் தருகிறேன்.

வில்லியம் பால் ஜாரெட். 1877இல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் பிறந்தவர். அங்குள்ள சென் லூயிஸ் கல்லூரியின் பழைய மாணவர். 1906இல் துணை ஷெரிப், 1908இல் ஷெரிப். ஷெரிப் பதவியைத் தருவதும் பறிப்பதும் வாக்காளர். 1914இல் ஹவாய் முழுமைக்கும் உயர் ஷெரிப் ஆனார், ஓவாஹு சிறையின் பொறுப்பும் சேர்ந்தது. இங்கே வாக்காளருக்கு வேலையில்லை. ஹவாய் அப்போது அமெரிக்காவின் மாநிலமல்ல, அதன் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம். அதற்கான 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுநர் நியமிப்பார், மேற்சபை சம்மதிக்கும். ஷெரிப் என்றதும் குதிரையும் துவக்கும் நினைவுக்கு வந்தால் விட்டுவிடுங்கள். நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் எங்கள் பிஸ்காலையும் மறியற்சாலைப் பெரியவரையும் ஒரே கதிரையில் இருத்திப் பாருங்கள், ஏறக்குறையச் சரிவரும்.

1903 முதல் வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில், ஹவாயின் பிரதிநிதியாக இருந்த இளவரசர் கூஹியோ 1922 ஜனவரியில் இறந்தார். மிச்சத் தவணையை ஹென்றி பால்ட்வின் நிரப்பினார். நவம்பர் தேர்தலில் ஜாரெட் ஜனநாயகக் கட்சியில் நின்று, குடியரசுக் கட்சியின் ஜோன் வைஸைத் தோற்கடித்தார். கரும்புத் தோட்ட முதலாளிகளும் குடியரசுக் கட்சியும் கைகோத்திருந்த தீவுகளில் இது சின்ன விஷயமல்ல. அந்த ஆசனத்துக்குப் போன முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தான்.

நாலாம் கேள்வியில்தான் ஆள் விழுகிறார். அன்றைய ஹவாய்ப் பிரதிநிதிக்குச் சபையில் ஆசனம் இருந்தது, விவாதிக்கலாம், மசோதா கொண்டுவரலாம். வாக்கு மட்டும் இருக்கவில்லை. வீதிக்கும் விவசாயக் கடனுக்குமான மத்திய அரசின் உதவிகளை ஹவாய்க்கும் நீட்டிய 1924 மார்ச் சட்டம் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. அதற்குக் கை உயர்த்தியவர்கள் மற்றவர்கள். எட்டு வருடம் சிறைச் சாவியை வைத்திருந்த மனிதர்!

1926இல் விக்டர் ஹூஸ்டனிடம் தோற்றார். 1929 நவம்பர் 10இல் இறந்தபோது வயது 52.

வெளிநாட்டிலிருந்து பள்ளிக்கூடக் கூரைக்குக் காசு அனுப்பும் எங்களுக்கும் ஊரில் வாக்கில்லை. எங்கள் பழைய மாணவர் சங்கம் மாஸ்டரைப் போஷகர் ஆக்கியபோது, "இதிலே நான் எதிலே கையெழுத்து வைக்கலாம்?" என்று செயலாளரைத் தொலைபேசியில் கேட்டாராம்.

செயலாளர் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.