மூன்று டாங்க், ஒரு சுற்றுப்பாதை

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ. ராக்கெட் கட்டி ஏவும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில், நாம் கிளம்பும் கோளான கெர்பினின் காற்று மண்டலம் 70 கி.மீட்டரில் முடிந்துவிடும். ஆக, உயரம் பெரிய விஷயமே இல்லை. 75 கி.மீ. மேலே விழாமல் சுற்ற நொடிக்கு 2,287 மீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 24 நொடி. எரிபொருளைக் குடிப்பது இந்தப் பக்கவாட்டு வேகம்தான். நேரே மேலே போய்விட்டுப் பிறகு திரும்பிக்கொள்ளலாம் என்றால் பாதி வழியில் டாங்க் வறண்டுவிடும்.

மேலடுக்கு: மார்க்-1 காப்ஸ்யூல், பாராசூட், டீகப்ளர் (பாகங்களைக் கழற்றிவிடும் இணைப்பு), எஃப்எல்-டி400 டாங்க் ஒன்று, டெரியர் எஞ்சின். கீழடுக்கு: இன்னொரு டீகப்ளர், அதே டாங்க் இரண்டு, ஸ்விவல் எஞ்சின், அடியில் நான்கு துடுப்புகள். மொத்த எடை 10 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. வெற்றிடக் கணக்கில் மேலடுக்கு 2,600, கீழடுக்கு 1,650 மீ/வி தரும். சுற்றுப்பாதைக்குத் தேவை, ஈர்ப்பிலும் காற்றிலும் இழப்பதையும் சேர்த்து, சுமார் 3,400. மீதம்தான் நம் தவறுகளுக்கான இடம், அதனால் நான்காவது டாங்க் வேண்டாம். எடையைக் குறைக்க டாங்கில் எரிபொருளை இறக்கினால் ஆக்ஸிடைசரையும் (எரிபொருளை எரிய வைக்கும் திரவம்) சேர்த்து இறக்குங்கள். இரண்டும் 9-க்கு 11 என்ற விகிதத்தில்தான் எரியும். ஒன்று தீர்ந்தால் மற்றது வெறும் சுமை.

கிழக்கே சாய்க்க வேண்டும். நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்துப் படகு விடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கெர்பின் கிழக்கே சுழல்வதால் நிலநடுக்கோட்டில் 175 மீ/வி சும்மா கிடைக்கிறது. மேற்கே விட்டால் அதை நாமே ஈடுகட்ட வேண்டும்.

வேகம் 80 முதல் 100 மீ/வி வந்ததும் 10 பாகை சாய்த்து, பிறகு மூக்கை வேகத்திசை வட்டத்திலேயே (ராக்கெட் போகும் திசையைத் திரையில் காட்டும் குறி) வைத்திருங்கள். 10 கி.மீ. உயரத்தில் சாய்வு 45 பாகை இருந்தால் சரியான பாதை. ராக்கெட் குட்டிக்கரணம் அடிப்பது பெரும்பாலும் இங்கேதான். வட்டத்தை விட்டு மூக்கை வெடுக்கென்று திருப்பினால் காற்று பக்கவாட்டில் அறைந்து கவிழ்த்துவிடும். துடுப்பில்லாமல் ஏற்றினால் இன்னும் மோசம்.

ஸ்விவல் முழு விசையில் 58 நொடி எரியும். அணைவதற்குள் 15 கி.மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். டெரியர் வெற்றிடத்தில் 60 கிலோநியூட்டன் தள்ளும், கடல்மட்டத்தில் 15 கூடத் தள்ளாது; அடர்ந்த காற்றில் அதைப் பற்றவைப்பது எரிபொருளைக் கொட்டுவதற்குச் சமம்.

வரைபடத்தில் அபோஆப்சிஸ் (பாதையின் உச்சி) 80 கி.மீ. தொட்டதும் எக்ஸ் விசையை அழுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். காற்றின் உரசலில் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. கடைசி எரிப்புக்கு எத்தனை நொடி தேவையோ அதில் பாதியை உச்சிக்கு முன்பும் பாதியைப் பின்பும் வைத்து, தொடுவானத்துக்கு இணையாக எரியுங்கள். சீக்கிரம் தொடங்கினால் உச்சி நகர்ந்து முன்னால் ஓடும். தாமதித்து உச்சியைத் தாண்டிவிட்டால் மூக்கை 10, 15 பாகை தூக்கி எரிக்க வேண்டியதுதான். பெரியாப்சிஸ் (பாதையின் மிகத் தாழ்ந்த இடம்) 70 கி.மீ. தாண்டியதும் எஞ்சினை அணைத்து, டாங்கைப் பாருங்கள்: திரவ எரிபொருள் 5 அலகு மிச்சமிருந்தால்கூடச் சுமார் 100 மீ/வி கிடைக்கும். பெரியாப்சிஸை 30 கி.மீட்டருக்கு இறக்கி வீடு திரும்ப 40, 50 போதும்.