ஏற்காட்டு சல்சா நடன முகாமுக்குக் கிளம்பும் முன்

சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் முதல் வகுப்பின் சுழற்சியிலேயே குமட்டும். இரண்டு இட்லி போதும்.

ஷூவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்வேட் தோல் (மெல்லிய இழைகள் எழுந்து நிற்கும் தோல்) அடிப்பாகம் மரத்தரையில் அளவாக வழுக்கும். ஏற்காட்டுப் பனியில் நனைந்த வாசலை ஒருமுறை மிதித்தால் அதன் இழைகள் படிந்துவிடும். பிறகு ஓரிடத்தில் ஒட்டும், ஓரிடத்தில் சறுக்கும். ஹாலுக்குள் போய் மாட்டுங்கள். நனைந்தால் நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் இழை எழும். தரையில் பவுடர் கொட்டுவது மட்டும் வேண்டாம், பக்கத்து ஜோடி விழும்.

நன்றாக ஆடுபவர்களுக்குப் பழைய பழக்கமே எதிரி. ‘ஆன் 1’ (எட்டு எண்ணிக்கையில் 1-லும் 5-லும் திசை மாற்றும் முறை) ஆடிப் பழகியவர் ‘ஆன் 2’வில் (2-லும் 6-லும் மாற்றும் முறை) அடிப்படை ஸ்டெப்பைச் சரியாகவே வைப்பார். கிராஸ் பாடி லீடில் (ஜோடியை எதிர்ப்பக்கம் கடத்திவிடும் அசைவில்) ஒரு டர்ன் சேர்ந்ததும் கால் தானாக 1-க்கு ஓடிவிடும். காரணம், ஜோடியைக் கையால் அவசரப்படுத்துவது. சல்சா இசையில் காங்கா மேளத்தின் ‘ஸ்லாப்’ (அறைவதுபோன்ற கூர்மையான) அடி 2-லும் 6-லும் விழும். அதைக் காதில் பிடித்து, அங்கேயே திசை மாற்றுங்கள். எண்ணிக்கொண்டே ஆடுவதைவிட இது நிலைக்கும்.

டர்ன் கொடுக்கும்போது கட்டைவிரலால் இறுக்காதீர்கள். ஜோடியின் மணிக்கட்டு திருகும், தோள் வலிக்கும். விரல்களை வெறுமனே கொக்கிபோல் வைத்து, கையை அவர் உச்சிக்கு நேர் மேலே நிறுத்தினால் அவரே சுழல்வார்.

நாளுக்கு மூன்று சட்டை வேண்டும். மலையில் துவைத்தால் லேசில் காயாது.